நானூற்றுப் பன்னிரண்டாம் மணி

எங்கள் பட்டறையின் வாசல் நிலையில் ஓர் ஆணி இருக்கிறது. என் தந்தை அடித்தது. ஆஸ்திரேலியாவில், வடக்கு ஜீலாங்கில் அவர் கார் பம்பர்களுக்குக் குரோமியப் பூச்சு போட்டுக் கொடுத்த காலத்தில், பூச்சு உரிந்து திரும்பி வந்த பொருளை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த ஆணியில் ஒரு மாதம் தொங்கவிடுவார். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது எங்கள் தோல்விதான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் தங்கள் சொந்தக் காருக்குப் பூச்சு வேண்டுமென்றால் எங்களிடம்தான் கொண்டு வந்தார்கள்.

என் பெயர் ஃப்ரானே ராட்மன். வயது எழுபத்தாறு. டால்மேஷியக் கரையோரத் தீவு ஒன்றிலிருந்து ஒன்பது வயதில் கப்பலேறி வந்தவன். அப்பாவின் பூச்சுத் தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்து, மின்வேதியியல் படித்து, மெல்பர்னில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் இருந்தேன். பட்டறையை என் தம்பி ஸ்டிபே பார்த்துக்கொண்டான். ஊரிலிருந்த கார்த் தொழிற்சாலை மூடியதும் பட்டறையும் படுத்தது. ஆறு வருடங்களுக்கு முன் ஸ்டிபேயும் போய்ச் சேர்ந்தான். அவன் மகன் டூயே, தொட்டிகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, அதே கூரையின் கீழ் லித்தியம் பேட்டரி ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினான். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றவில்லை. ராட்மன் என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

அவன் செய்வது இதுதான். பேட்டரியில் ஆனோடு என்னும் மின்முனையாகச் சுத்தமான லித்தியம் தகட்டையே வைத்தால் எடை குறையும், சக்தி கூடும். ஆனால் அந்த உலோகம் ஒழுங்காக அடங்கி இருக்காது. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் பாசி பிடித்ததுபோல் புடைத்துக்கொண்டு, ஊசி ஊசியாக முளைக்கும். ஓர் ஊசி நடுவிலுள்ள மெல்லிய திரையைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போய்த் தொட்டால் கதை முடிந்தது. பெரிய பேட்டரியாக இருந்தால் தீப்பிடிக்கும். அந்தத் தகட்டை அடக்கி வைக்க ஒரு மேல்பூச்சு கண்டுபிடிக்கத்தான் உலகம் ஐம்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறது. தகட்டை ஒருவகை உப்புக் கரைசலில் கழுவியெடுத்தால் ஊசி முளைப்பது நிற்கிறது என்று 1987-இல் நான் ஒரு கட்டுரை எழுதினேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை 'ராட்மன் கழுவல்' என்பார்கள். அந்தக் கட்டுரையின் வரைபடத்தை ஸ்டிபே சட்டம் போட்டுத் தன் வீட்டுச் சாப்பாட்டறையில் மாட்டினான். மாதா படத்துக்குப் பக்கத்தில்.

டூயேயின் வேலை அந்தக் கழுவலிலிருந்து பிறந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மார்ச்சில் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் வீட்டோடு கிடந்தேன். முதன்முதலாக வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எங்கள் ஊர்க்காரர்களின் சங்கக் கூடத்துக்கு. முற்றத்தில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் கம்பியில் சுழன்றுகொண்டிருந்தன. கூடத்துக்குள் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு துணிப்பதாகை. அதில் ஒரு கோடு, 'மூவாயிரம் மணி நேரம்' என்ற எழுத்து, அதன் கீழே எங்கள் குடும்பப் பெயர்.

கோட்டின் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காகச் செய்யும் நாணயமளவு பேட்டரியைச் செல் என்போம்; அதன் இரண்டு பக்கமும் லித்தியம் தகடு இருக்கும். ஒரு மணி நேரம் மின்னோட்டத்தை இந்தப் பக்கம் தள்ளுவோம், அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பக்கம். உலோகம் ஒரு தகட்டிலிருந்து கரைந்து மறுதகட்டில் படியும், பிறகு திரும்பி வரும். அப்படித் தள்ளுவதற்கு எவ்வளவு வோல்டேஜ் தேவைப்பட்டது என்பதுதான் கோடு. உயிருள்ள செல் சிரமப்படும். ஒவ்வொரு முறையும் கோட்டின் ஓரத்தில் காது மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். நாளாக நாளாக உள்ளே குப்பை சேர்ந்து வோல்டேஜ் ஏறும், கோடு அகலமாகும்.

சங்கத் தலைவர் பதாகையின் முன் நின்று, கையில் பியரோடு எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாடா இந்தக் கோட்ட? என் மாமியா வீட்டுல ஒரு நாள் இப்படி அமைதியா இருந்திருந்தா நான் ஆஸ்திரேலியாவுக்கே வந்திருக்க மாட்டேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கோட்டின் ஓரமாகவே நடந்தேன். தொடக்கத்தில் நல்ல கோடு. காது இருந்தது, மூச்சு இருந்தது. முப்பது மில்லிவோல்ட் ஐம்பதானது, எண்பத்தைந்தானது. நானூற்றுப் பன்னிரண்டாம் மணியில் ஒரே இறக்கம். எண்பத்தைந்திலிருந்து பதினொன்று. அதற்குப் பிறகு காதுகள் இல்லை. பெட்டி பெட்டியாக, கத்தியால் வெட்டிய மூலைகளோடு, பதாகையின் கடைசி வரை ஒரே சீராகப் போனது.

வறுத்த கொழுப்பின் வாசனை கதவு வழியாக வந்தது. 

டூயே வந்து என் தோளைத் தொட்டான். புதுச் சட்டை, புது ஷூ. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. அவன் அப்பாவின் மூக்கு.

"என்ன பெரியப்பா, வாயடச்சுப் போச்சா?"

"இந்த எடத்துல என்ன ஆச்சு?" தடியின் நுனியை அந்த இறக்கத்தில் வைத்தேன்.

"அதுவா? மேற்பரப்பு முதிர்ந்துடுச்சு. நீங்க எழுதினதுதானே!" சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "எங்க பெரியப்பா எழுதின வாக்கியம். அப்படியே போட்டிருக்கேன்" என்றான். அவர்கள் கை தட்டினார்கள். எனக்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

தம்பி மனைவி நேடா ஒரு தட்டில் கறியும், கீரை போட்டு மசித்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்க அத்தான். வியாழக்கெழம அந்த நியூசிலாந்துக்காரம்மா வந்து கையெழுத்துப் போட்டுட்டா, உங்க தம்பி கண்ண மூடினது வீணாப் போகல" என்றாள். நான் தட்டைத் தொடவில்லை.

வியாழக்கிழமை வரப்போகிறவள் யாரென்று அப்போதுதான் விசாரித்தேன். தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்குத் தலைக்கவசம் செய்கிற ஒரு கம்பெனியின் பொறியாளர். கவசத்துக்குள் விளக்கும் ரேடியோவும் இருக்கும். பேட்டரி காதுக்குப் பின்னால். காட்டுத்தீயின் நடுவில் நிற்கிற ஒருவனின் காதுக்குப் பின்னால்.

*

திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். சாவி என்னிடம் எப்போதும் உண்டு. டூயே ஒரு கூட்டத்துக்காக மெல்பர்ன் போயிருந்தான். வேலைக்காரர்களுக்கு அன்று விடுமுறை கொடுத்திருந்தான், கொண்டாட்டத்துக்காக.

சுவரோரம் சோதனைப் பெட்டியில் பச்சை விளக்குகள். இருபத்துநான்கு இணைப்புகளில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பதினேழாம் எண். மற்ற இருபத்துமூன்று செல்களும் எங்கே என்று தேடினேன். மேசைக்கடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், செத்த வண்டுகளைப் போலக் குவிந்து கிடந்தன. மூடியைத் திறந்ததும் பேட்டரிக் கரைசலிலுள்ள ஈதரின் அந்தத் தித்திப்பு நாற்றம் முகத்தில் அடித்தது. பழுத்து அழுகிய பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றியதுபோல் இருக்கும். முப்பது வருடம் அந்த நாற்றத்தில் வாழ்ந்தவன் நான். அன்று மூடியை உடனே அழுத்தி மூடினேன்.

இருபத்துநான்கு செய்திருக்கிறான். இருபத்துமூன்று செத்திருக்கிறது. 'வாழ்ந்த' ஒன்றை எடுத்துப் பதாகையில் போட்டிருக்கிறான். சந்தையில் கூடையின் மேல்வரிசையில் மட்டும் நல்ல பழம் அடுக்கும் ஈனத்தனம்தான். இந்தத் துறையில் அதைப் பலர் செய்கிறார்கள். அதுகூட எனக்குப் பழகிப்போன அருவருப்பு. ஆனால் அந்த ஒன்றாவது வாழ்ந்ததா?

அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினேன். உயிருள்ள செல் அப்படிக் கணக்காக நடந்துகொள்ளாது. முனகும், தயங்கும், வோல்டேஜ் ஏறினாலும் அது இரட்டிப்பாகச் சரியாக நிற்காது. பதினேழாம் செல் பதினொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு ஒரே தாவலில் போய் நின்றது. மூன்று மடங்காக்கினேன். முப்பத்துமூன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கம்பியை வைத்துச் செய்கிற கணக்கு. கையிலிருந்த கைக்குட்டையை வெந்நீரில் நனைத்துச் செல்லின் மேல் வைத்தேன். சூடானால் உயிருள்ள செல் இளகும், வோல்டேஜ் குறையும். இது குறையவில்லை. ஒரு நூலிழை கூடியது. உலோகக் கம்பி சூட்டில் செய்வதை அப்படியே செய்தது.

நானூற்றுப் பன்னிரண்டாம் மணியில் ஓர் ஊசி திரையைத் துளைத்துக்கொண்டு போய் மறுபக்கத்தைத் தொட்டிருக்கிறது. அதன் பிறகு லித்தியம் கரையவும் இல்லை, படியவும் இல்லை. மின்சாரம் அந்த ஊசி வழியாகச் சும்மா போய் வந்துகொண்டிருக்கிறது. நூறு நாளுக்கு மேல் ஒரு பிணத்தின் நாடியைப் பார்த்து, என்ன நிதானம் என்று மெச்சியிருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் டூயே வந்தான். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றான்.

"உங்கள யாரு உள்ள விட்டா?"

"இந்தப் பூட்ட வாங்கினதே எங்கப்பா. பதினேழாம் செல்லுக்கு என்னடா வயசு?"

"நாலு மாசம்."

"பதினேழு நாள். அதுக்கப்புறம் அது பேட்டரி இல்ல."

அவன் கணினித் திரையைப் பார்த்தான். பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்துமூன்று. முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"நானும் செஞ்சு பாத்தேன் பெரியப்பா. ஏப்ரல்லயே."

தெரியாமல் செய்திருந்தால் நான் அவனைத் திட்டியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். தெரிந்தே பதாகை அடித்திருக்கிறான். தெரிந்தே அதன் கீழே என் தந்தையின் பெயரைப் போட்டிருக்கிறான். 

"அப்பறம் எப்படிடா அந்தக் கறி உன் தொண்டைல எறங்கிச்சு?"

"எறங்கிச்சு. ஏன் எறங்காது? வியாழக்கெழம கையெழுத்தாச்சுன்னா ஒன்றரை வருஷம் கெடைக்கும். அதுக்குள்ள பூச்ச நெஜமாவே சரி பண்ணிடுவேன். நாங்க விக்கப்போறது இந்தச் செல்ல இல்ல, பெரியப்பா. அடுத்ததை."

"அவ வாங்கப்போறது இந்தக் கோட்ட."

"எல்லாரும் இப்படித்தான் கோடு வரையறாங்க. எல்லாரும்."

"ராட்மன் வரையறதில்ல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பயமில்லை, மரியாதையும் இல்லை.

"எங்க வீட்டுச் சாப்பாட்டறைக்குப் போங்க. மாதாவுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கே, அதைப் போய் நல்லாப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க. முன்னூத்தி எழுபத்தோராம் மணி. அதைப் பாத்துக்கிட்டேதான் நான் சாப்பிட்டு வளந்தேன். முப்பத்தாறு வருஷமா ஒரு செத்த செல்லு எங்க சுவத்துல தொங்குது. உங்க மூஞ்சிக்காக நான் வாயத் தொறக்கல."

தடியை ஓங்கினேன். ஓங்கியது வரை உண்மை. பிறகு இறக்கிவிட்டேன்.

*

நேடாவின் வீட்டுக்கு அன்று போகவில்லை. போகத் தேவையும் இல்லை. அந்த வரைபடம் எனக்கு மனப்பாடம்.

1987, ஆகஸ்ட். முந்நூற்று எழுபத்தோராம் மணியில் என் செல்லின் வோல்டேஜ் திடீரென்று தணிந்தது. அதன்பின் தொள்ளாயிரம் மணி வரை அசையவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள், கை குலுக்கினார்கள். நான் ஒரு வாக்கியம் எழுதினேன்: 'மேற்பரப்பு முதிர்ச்சியடைந்ததால் மின்னழுத்தம் தணிந்து நிலைபெற்றது.' நன்றாக இருந்தது வாக்கியம். அதில் ஒரு கம்பீரம் இருந்தது.

கட்டுரையை அனுப்பிய பிறகு ஒரு நாள் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைகளை விட்டு அந்தச் செல்லைப் பிரித்தேன். வெள்ளி மாதிரி பளபளக்கும் தகட்டை எதிர்பார்த்தேன். கரிய பாசி. திரையில் மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, நடுவில் ஓட்டை. பிரிக்கும்போது இடுக்கி பட்டுக் கிழிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தகட்டை எண்ணெய்க் குப்பியில் போட்டேன், குப்பியைக் கழிவில் போட்டேன். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதுவும் எழுதவில்லை. மற்ற எல்லா நாளுக்கும் எழுதியிருக்கிறேன்.

முப்பத்தாறு வருடம் அந்த இடுக்கியை நம்பினேன். நம்பினேன் என்று சொல்வதும் பொய்தான். நினைக்காமல் இருந்தேன். மற்றவர்களின் கட்டுரைகளில் 'முதிர்ந்த மேற்பரப்பு' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் பெருமைப்பட்டேன். எத்தனை பேர் தங்கள் பிணங்களை அந்த ஒரு வாக்கியத்தால் போர்த்தி மூடியிருக்கிறார்கள் என்று இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

கழுவலால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கழுவாத தகடு நூற்றைம்பது மணியில் சாகும். கழுவியது முந்நூற்று எழுபத்தொன்று வரை வந்தது. அது உண்மையான எண். நேர்மையான எண். அதை நான் எழுதியிருக்கலாம். எனக்குத் தொள்ளாயிரம் வேண்டியிருந்தது.

புதன்கிழமை நேடா என் வீட்டுக்கு வந்தாள். மகன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அத்திப்பழ ரொட்டி கொண்டுவந்திருந்தாள், சாவு வீட்டுக்கு வருவதுபோல.

"அத்தான், நாளைக்கு நீங்க பட்டறைக்குப் போக வேணாம்."

"ஏன்?"

"ஏனா? குடும்ப மானம் குடும்ப மானம்னு இத்தன வருஷம் எங்கள ஆட்டி வச்சீங்க. என் கல்யாணத்துல பாவாட நீளம் வரைக்கும் நீங்க சொன்னதுதான். இப்ப நீங்களே அதைத் தெருவுல கொண்டுபோய்க் கொட்டப்போறீங்களா?"

"கொட்டினது உம்மவன்."

"எம்மவன் உங்களப் பாத்துத்தான் கொட்டினான்!" குரல் உடைந்தது. "உங்க தம்பிக்குக் கடைசி வரைக்கும் அந்தப் படம்தான் பெரும. ஆஸ்பத்திரியில நர்ஸுங்க கிட்டெல்லாம் சொன்னாரு, எங்கண்ணன் பேருல ஒரு கழுவல் இருக்குன்னு. அவங்க என்னவோ துணி தொவைக்கிறதுன்னு நெனச்சாங்க. செத்தவரோட பெருமையக் கூடவா புடுங்கணும்?"

 ரொட்டியை வெட்டி அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். அவள் சாப்பிடவில்லை.

"நேடா, அது காதுக்குப் பின்னால இருக்கப்போற பேட்டரி."

"யார் காது?"

"யாரோ ஒருத்தர். நெருப்புக்குள்ள நிக்கிறவரு."

அவள் மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு எழுந்தாள். போகும்போது, "படத்த எடுத்துட்டுப் போகணும்னா எடுத்துக்குங்க. வாசக்கதவு தொறந்துதான் இருக்கும். நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

*

வியாழன் காலை அந்த நியூசிலாந்துப் பொறியாளர் வந்தாள். பெயர் ரோய்மாதா. ஐம்பது வயதிருக்கும், உயரம், மாவோரிப் பெண். முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. அவளும் தீயணைப்புப் படையில் இருந்தவள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"காப்பி உண்டா, இல்ல கோடு மட்டும்தானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். டூயே சிரித்தபடி காப்பி ஊற்றினான். மூலையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் அவன் கை நின்றது. என் மடியில், பழைய தலையணை உறையில் சுற்றிய அந்த வரைபடத்தின் சட்டம் இருந்தது.

"இவருதான் எங்க பெரியப்பா" என்றான்.

"ஃப்ரானே ராட்மனா? ஐயோ, பெரியவரே! உங்க கழுவல வச்சுத்தான் எங்க கம்பெனிப் பசங்களுக்கு நான் பாடமே எடுப்பேன்." கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"மொதல்ல ஒண்ணு பாத்துருங்கம்மா. அப்பறம் கை குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க. டூயே, பதினேழுக்கு மின்னோட்டத்த ரெண்டு மடங்காக்கு."

அவன் அசையவில்லை.  அவன் மறுத்திருந்தால் நானே எழுந்து போயிருப்பேன். ஆனால் அவன் என்னைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், மேசைக்குப் போய் எண்ணை மாற்றினான்.

இருபத்திரண்டு.

ரோய்மாதா கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ. மூணு மடங்கு."

முப்பத்துமூன்று.

"இது பேட்டரி இல்ல" என்றாள். "கம்பி."

"ஆமா" என்றான் டூயே.

"எப்பலேர்ந்து?"

"நானூத்திப் பன்னெண்டுலேர்ந்து."

"பிரிங்க. என் கண்ணால பாக்கணும்."

நான் எழுந்தேன். டூயே தடுத்தான். "உங்க கை நடுங்குது. ஓட்ட போட்டுட்டு அப்பறம் இடுக்கி மேல பழி போடுவீங்க" என்றான். இடுக்கியைப் பற்றி நான் அவனிடம் சொன்னதே இல்லை. அவனும் எப்போதோ ஒரு செல்லைப் பிரித்துவிட்டு அதே சமாதானத்தைத் தனக்குச் சொல்லியிருக்கிறான் என்று புரிந்தது. எங்கள் வீட்டில் மூக்கு மட்டும் வழிவழியாக வரவில்லை.

அவன் கையுறைப் பெட்டிக்குள் தோள்வரை கைகளை விட்டுச் செல்லின் விளிம்பை நெம்பினான். மூடி கழன்று வந்தது. திரையை உரித்தான். பாத்திரத்தின் அடியில் பிடித்த கரிபோல, ஈரப் பாசிபோல, பார்த்தாலே கையைக் கழுவத் தோன்றும் ஒரு கறுப்பு. திரையின் நடுவில் மிளகளவுப் புள்ளி.

நான் தலையணை உறையைப் பிரித்துச் சட்டத்தை அவளிடம் நீட்டினேன். "இதுவும் அதேதான். முன்னூத்தி எழுபத்தொண்ணு. நானே பிரிச்சுப் பாத்தேன். எனக்கு அப்பவே தெரியும்."

அவள் ஜன்னலருகே கொண்டுபோய் அந்தக் கோட்டை விரலால் தடவினாள். விரல் இறக்கத்தில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதாகையை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி. நான் கண்ணை விலக்கவில்லை. விலக்கினால் அது இன்னொரு பொய்.

"பதினஞ்சு வருஷமா இத நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள். "என் வாயாலயே."

"தெரியும்மா."

"மன்னிப்பு எல்லாம் கேக்காதீங்க. எனக்குக் கோவம்தான் வரும்." பையைத் தோளில் மாட்டினாள். டூயேயிடம், "எத்தன செல்லு பண்ணீங்க?" என்றாள்.

"இருபத்திநாலு."

"மத்த இருபத்திமூணும் எத்தன மணிக்குப் போச்சு?"

"இருநூத்தி அம்பதுலேர்ந்து நானூறு வரைக்கும். எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப அந்த நம்பரே மோசமில்லயேடா. அதச் சொல்றதுக்கு என்ன கேடு வந்துச்சு?" அவன் தலை குனிந்தான். "கையெழுத்துக் கெடயாது. இருபத்திநாலையும் எழுதி அனுப்பு. அதுக்கப்பறம் பாக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அனுப்பு."

அவள் குடிக்காமல் வைத்த காப்பி மேசையிலேயே ஆறியது.

 டூயே பெட்டியின் கையுறைகளிலிருந்து கைகளை உருவிக்கொண்டு, குழாயடியில் நெடுநேரம் கை கழுவினான். கையுறைக்குள் இருந்த கையில் எந்தக் கறையும் பட்டிருக்காது. இருந்தும் கழுவினான்.

நான் வாசலுக்குப் போனேன். அப்பாவின் ஆணி துருவேறியிருந்தது, ஆனால் அசையவில்லை. சட்டத்தை அதில் மாட்டினேன். அன்று மாலையே அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அதைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டேன். என்னோடு சேர்ந்து எழுதிய வேறு ஆசிரியர்களின் சம்மதம் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். நான் ஒருவன்தான் என்று பதில் போட்டேன்.

சட்டத்தை மாட்டிய மறுநாள் பட்டறைக்கு வந்த தபால்காரர் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னங்க இது, பூகம்பமா?"

"இல்ல. எங்க தப்பு."

"யாரோட தப்பு?"

"என்னோடது."

அடுத்த ஞாயிறு நேடாவின் மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள், ஸ்டிபேயுடையது காலி. மாதா படத்துக்குப் பக்கத்தில் சுவர் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. அதில் எதையும் மாட்டவில்லை அவள். டூயே உப்பை என் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான். கறி என் தொண்டையில் இறங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தோம்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனபோது ஆணியில் ஒன்று கூடியிருந்தது. என் சட்டத்தின் கீழே, மெல்லிய கம்பியில் கட்டிய சிறு கண்ணாடிக் குப்பி. உள்ளே எண்ணெயில் மூழ்கிய இரண்டு கறுத்த லித்தியம் வட்டுகள். குப்பியின் மேல் ஒட்டிய காகிதத்தில் டூயேயின் கையெழுத்து: பதினேழு. 412 மணி.

ஒரு மாதம் தொங்கவிடுவது அப்பாவின் வழக்கம். அவனுடையதை அவன் ஒரு மாதத்தில் கழற்றிக்கொள்ளட்டும். என்னுடையது முப்பத்தாறு வருடம் உள்ளறைச் சுவரில் தொங்கியது. வாசலில் அது எத்தனை நாள் தொங்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கழற்றும் ஆள் நானில்லை என்பது மட்டும் தெரியும்.